இருபத்தேழாம் வளைவில் நின்ற சரக்குந்து

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்திற்குக் கொல்லிமலைப் பேருந்து இராசிபுரம் நிலையத்தை விட்டுப் புறப்பட்டது. செம்மேடு வரை கட்டணம் ஐம்பத்திரண்டு ரூபாய். என் பையில் ஒரு மாற்றுடை, ஒரு குறிப்பேடு, கம்பளித் துண்டு ஒன்று. அவற்றோடு நகர வணிகர் மன்றத்துச் செயலர் கையொப்பமிட்டுத் தந்த மடல். வெளியூர் முதலீட்டாளர்களுக்கென மன்றம் ஒரு சிறப்பு மலர் கொண்டுவருகிறது. நம் நகரின் பொருளியல் வலிமைகளைப் பற்றிய முதற்கட்டுரையை எழுதும் பணி, முப்பதாண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் என்னும் ஒரே தகுதியால் என்னிடம் வந்தது.

பெரும்பகுதியை வீட்டிலிருந்தே எழுதி முடித்திருந்தேன். சாலைகள் நான்கு திசைக்கும் செல்கின்றன, கோழிப்பண்ணைகள் பெருகியுள்ளன, சரக்குந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகளில் வேலை ஓய்வதில்லை, சவ்வரிசி ஆலைகளின் வெண்ணிற உலர்களங்கள் ஊரைச் சுற்றிலும் விரிந்து கிடக்கின்றன. எஞ்சியிருந்தது மூலப்பொருளைப் பற்றிய ஒரு பத்தி மட்டுமே.

"ஐயா, அத மட்டும் மலைக்குப் போயி நேர்ல பார்த்துட்டு எழுதுங்க. கெழங்கு எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தான் வெளியூர்க்காரன் நம்புவான். அட்டைக்கு ஆகற மாதிரி படமும் ஒண்ணு வேணும்" என்று செயலர் கேட்டுக்கொண்டார். மலையின் நிழல் விழும் தொலைவில் வாழ்ந்தும் ஒன்பதாண்டுகளாக நான் அதன்மேல் ஏறவில்லை. ஒப்புக்கொண்டேன்.

ஆறே முக்காலுக்குப் பேளுக்குறிச்சி. சந்தை நாள் அன்று. மல்லியும் மிளகாயும் சீரகமும் மூட்டைகளாக இறங்கிக்கொண்டிருந்தன. காரவள்ளியில் பேருந்து கால் மணி நேரம் நின்றது. அதற்கு அப்பால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. நான் குறிப்பேட்டைத் திறந்ததைக் கண்ட நடத்துநர் சிரித்தார்.

"எழுவதையும் எண்ணப் போறீங்களாங்க? நாப்பது வரைக்கும் எண்ணுவாங்க. அதுக்கு மேல சன்னல் கம்பியத்தான் புடிச்சுக்குவாங்க."

அவர் கூறியது மெய். நாற்பத்து மூன்றில் குறிப்பேட்டை மூடினேன்.

தை மாதத்துப் பனி செம்மேட்டில் பத்து மணி வரை விலகவில்லை. விடுதியொன்றில் அறை எடுத்துப் பையை வைத்துவிட்டு, ஆளுக்கு முப்பது ரூபாய் வாங்கும் பங்கு வண்டியொன்றில் பெரக்கரை நாட்டுக்குச் சென்றேன். மலையில் நாடு என்பது பல சிற்றூர்கள் சேர்ந்த ஒரு தொகுதி. சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் அறுத்த தாள்கள் நின்றன. அவற்றினும் மிகுதியாக மரவள்ளி. இப்பக்கத்து மக்கள் அதனைக் குச்சிக்கிழங்கு என்கின்றனர். குச்சியை நட்டால் விளையும். பத்துத் திங்களில் கிழங்கு. பொருளியல் கண்ணுக்கு இதைவிட எளிய பயிர் இல்லை என்று குறித்துக்கொண்டேன். அக்குறிப்பு இப்போதும் என்னிடம் உள்ளது.

வண்டி நின்ற இடத்திலேயே சாலையோரம் ஒரு குவியல் கண்டேன். மார்பளவு உயரம், பதினைந்து தப்படி நீளம்; முழுவதும் பச்சைத் தழை போர்த்தியிருந்தது. ஒரு பெண் குடத்திலிருந்து நீரை அள்ளித் தழையின்மேல் தெளித்துக்கொண்டிருந்தார். அருகில் ஐம்பது அகவை மதிக்கத்தக்க ஓர் ஆடவர் சாலையின் கீழ்த்திசையையே நோக்கி நின்றார். அவர் சடையன், அப்பெண் அவருடைய மனைவி சின்னப்பிள்ளை. சடையனின் இடக்கை மணிக்கட்டு வெளிப்புறமாக வளைந்து பொருந்தியிருந்தது.

"ஏனுங்க, லாரி எதுனா கீழருந்து ஏறி வந்துச்சுங்களா?" என்பதே அவர் என்னிடம் கேட்ட முதற்சொல்.

இல்லை என்றேன். வந்த நோக்கத்தையும் சொன்னேன். சின்னப்பிள்ளை சிரித்துவிட்டார்.

"கெழங்கப் பத்திப் பொஸ்தகம் போடறாங்களாமா! கெழங்க ஏத்தறதுக்கு லாரியக் காணோம்."

மரவள்ளியின் இயல்பை நான் நூலில் படித்தவன். அன்றுதான் கண்ணால் கண்டேன். மண்ணுக்குள் இருக்கும் வரை அது காத்திருக்கும். பிடுங்கிய பொழுதே கெடத் தொடங்கும். மூன்றாம் நாள் உள்ளே கருநரம்பு ஓடும், அதன்பின் மாவு வெளுக்காது, ஆலை ஏற்காது. குவியலில் கிடந்தவை முந்தைய நாள் காலையில் பிடுங்கியவை.

"சரக்குந்து வருவது உறுதியாகுமுன் ஏன் பிடுங்கினீர்கள்?" என்றேன்.

சடையன் நழுவிய தழையொன்றைக் குவியலின்மேல் இழுத்து மூடினார். பிறகு விளக்கினார். அச்சிற்றூரில் பன்னிரண்டு வீடுகள். கூலிக்கு ஆள் வைப்பதில்லை. ஒரு வீட்டின் கிழங்கைப் பிடுங்க மற்றெல்லா வீட்டாரும் வருவர். அவ்வீட்டார் மற்றெல்லார் காட்டுக்கும் திருப்பிச் செல்வர். யாருக்கு எந்த நாள் என்பது கோயிலில் கூடி முடிவு செய்யப்படும்; முறை மாறாது. சடையன் வீட்டு முறை ஆறாவது; திங்கட்கிழமை. ஞாயிறு மாலை தரகர் கைப்பேசியில் அழைத்து, ஆலையில் பொறி பழுது, நாளை பிடுங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

"அப்படியாயின் வந்தவர்களிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?"

"காலங்காத்தால இருவது பேரு மம்முட்டியத் தூக்கிட்டு வந்து நிக்கறாங்க சாமி. வந்த சனத்தத் திருப்பி அனுப்பற வழக்கம் இல்லீங்க. எங்கூட்டுல ஒரு சாவுன்னாலும் அதே ஆளுங்கதானுங்க தூக்கோணும்."

"இவரு வாயத் தொறந்திருந்தா நான் வேணாம்னா சொல்லப்போறேன்? கூழக் காய்ச்சி ஊத்திட்டு அவங்கள அனுப்பியிருப்பேன்" என்றார் சின்னப்பிள்ளை.

"அனுப்பியிருப்ப! காத்தால கூழுப் பானையத் தலைமேல வெச்சுக்கிட்டு மொதல்ல காட்டுக்குப் போனது யாரு?"

சின்னப்பிள்ளை பேச்சை மாற்றினார். அந்தக் குவியலில் அவர்கள் வைத்திருந்த எதிர்பார்ப்பை அவர்தாம் எனக்குச் சொன்னார். சென்ற ஆண்டு இருவரும் கேரளத் தோட்டமொன்றுக்கு மிளகு பறிக்கச் சென்றனர். ஒற்றை மூங்கில் ஏணியிலிருந்து சடையன் விழுந்தார், மணிக்கட்டு ஒடிந்தது, கட்டுப் போட்டவர் கோணலாகப் போட்டுவிட்டார். இந்த ஞாயிறும் ஆள் கூட்டிச் செல்லும் மேஸ்திரி வருகிறார். இக்கிழங்கு ஆலை விலைக்குப் போனால் அடுத்த விளைச்சல் வரை மலையிலேயே கழித்துவிடலாம்.

"இந்தக் கையோட இவர இனி மரமேற விடக்கூடாதுங்க. அவ்வளவுதான்" என்று கூறி மீண்டும் நீர் தெளிக்கச் சென்றார்.

அன்று சரக்குந்து வரவில்லை. மாலை நான்கு மணிக்குப் பனி இறங்கியது. நான் செம்மேட்டுக்குத் திரும்பினேன். விடுதியில் அறை வாடகை ஐந்நூறு ரூபாய். இரவு உணவுக்குக் கேழ்வரகுக் களியும் கீரையும் கிடைத்தன. கட்டுரையை எடுத்தேன். 'மலையடிவாரத்தில் அமைந்தமையால் ஆலைகளுக்கு மூலப்பொருள் தட்டுப்பாடின்றி வாயிலுக்கே வந்து சேர்கிறது' என்னும் தொடரை எழுதிப் பார்த்தேன். நடை சரியாகவே இருந்தது.

புதன்கிழமை காலை ஏழே காலுக்கு நான் மீண்டும் சென்றபோது சரக்குந்து வந்திருந்தது. விடியுமுன்னரே ஊரார் திரண்டு ஏற்றத் தொடங்கியிருந்தனர். எட்டரை மணிக்கு வண்டி நிறைந்தது. ஓட்டுநர் பழனி, சேந்தமங்கலத்துக்காரர், வாயில் வெற்றிலையோடு பேசும் பழக்கமுடையவர்.

"மில்லு நேத்து சாயங்காலமே ஓட ஆரம்பிச்சிருச்சுங்க. ரெண்டு நாளா நின்ன வண்டி பூராவும் இன்னைக்கு எறங்குது. முந்தினவனுக்குத்தான் சீட்டு" என்றார்.

என்னையும் ஏற்றிக்கொள்ள இயலுமா என்று கேட்டேன். சடையன் உடனே நகர்ந்து இடம் கொடுத்தார். சின்னப்பிள்ளைக்கு என் இருக்கையைத் தர முயன்றேன்.

"நான் மேல காத்தாட வாரேனுங்க. கெழங்க யாராச்சும் பாத்துக்கோணுமில்ல" என்று கூறிச் சுமையின்மேல் சாக்கு விரித்து அமர்ந்துவிட்டார்.

எழுபதாம் வளைவிலிருந்து எண்கள் குறைந்துகொண்டே வந்தன. பழனி ஒவ்வொரு வளைவிலும் ஒலி எழுப்பித் திருப்பினார். வெற்றிலைச் சாற்றைக் கதவுக்கு வெளியே துப்பிவிட்டுச் சடையனைச் சீண்டினார்.

"என்னங்க மாமா, பொஸ்தகத்துல பேரு வரப்போவுதாமே? அப்பறம் எங்களையெல்லாம் கண்டுக்குவீங்களா?"

"மொதல்ல ஒன்ற வண்டி ஊரு போய்ச் சேரட்டும்" என்றார் சடையன்.

ஒன்பது மணி இருபது நிமிடத்திற்கு இருபத்தேழாம் வளைவு. அங்கே மலைச்சரிவு திறந்து, கீழே வயல்களும் ஆலைகளின் வெண்களங்களும் நகரமும் ஒரே பார்வையில் தெரியும். வண்டி நிறைந்த கிழங்கு, மேலே ஒரு பெண், பின்புலத்தில் வளமான ஊர். செயலர் கேட்ட அட்டைப்படம் இதுவன்றி வேறில்லை. ஓரமாக இரண்டு நிமிடம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

பழனி என்னைப் பார்க்கவில்லை, சடையனைப் பார்த்தார். சடையன் கணநேரம் தயங்கினார்.

"நிறுத்துப்பா. பெரியவரு கேக்கறாரில்ல."

"ம்... உங்க கெழங்கு" என்றார் பழனி.

நான் இறங்கிக் கைப்பேசியை உயர்த்தியபோது கீழிருந்து ஒரு பனித்திரை எழுந்து நகரை மறைத்தது. அது விலகும் வரை காத்திருந்தேன். சின்னப்பிள்ளை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "என்னை எதுக்குங்க சாமி, லாரிய எடுங்க" என்றார். சடையனைச் சக்கரத்தின் அருகில் ஒரு பெருங்கிழங்கோடு நிற்கச் சொன்னேன். அவர் வலக்கையில் கிழங்கை ஏந்தி, இடக்கையை முதுகுக்குப் பின்னே கொண்டுசென்றார். பனி விலகிற்று; மீண்டும் மூடிற்று; மீண்டும் விலகிற்று. இடையில் கிழங்கேற்றிய சரக்குந்துகள் ஒலியெழுப்பிக்கொண்டு எங்களைக் கடந்து இறங்கின. ஒன்பதே முக்காலுக்கு எனக்கு வேண்டிய படம் கிடைத்தது. அங்கிருந்தே செயலருக்கு அனுப்பினேன். "அருமை ஐயா" என்று உடனே மறுமொழி வந்தது.

ஆலையின் பெயரையோ இடத்தையோ நான் எழுதப் போவதில்லை. பதினொன்றரைக்கு அதன் வாயிலை அடைந்தோம். காவலர் தந்த சீட்டில் எண் பதினான்கு.

ஆலை இயங்கும் முறையை இங்குக் கூறியாக வேண்டும். கிழங்கை எடைபோட்டு மட்டும் விலை வைப்பதில்லை. ஒரு கூடைக் கிழங்கை நீருக்குள் அமிழ்த்தி எடையிடுவர். மாவு மிகுந்த கிழங்கு நீரிலும் கனக்கும். அதில் வரும் அளவுக்குப் பாயிண்டு என்று பெயர். பாயிண்டு குறையக் குறைய விலையும் குறையும். நேரம் செல்லச் செல்லப் பாயிண்டு குறையும். ஆகவே வாயிலில் காத்திருக்கும் ஒவ்வொரு மணியின் செலவும் விற்பவனைச் சேர்ந்தது. வாங்குபவனுக்கு அதில் இழப்பில்லை.

மாலை நான்கு மணிக்கு மேற்பார்வையாளர் வெளியே வந்தார்.

"பதிமூணோட தொட்டி ரொம்பிருச்சுங்க. பதினாலு நாளைக்குக் காலைல மொத வண்டி."

நான் வணிகர் மன்றத்தின் மடலைக் காட்டினேன். அவர் நிமிர்ந்து நின்று படித்தார். நாற்காலியும் தேநீரும் வரவழைத்தார்.

"ஐயா, நீங்க சொன்னா நான் செய்ய மாட்டேனா? தொட்டி கொள்ளாதுங்க. அரைச்சத வைக்க எடமில்ல. நானும் இங்க சம்பளத்துக்கு இருக்கறவன்தான்."

அவர் பொய் சொல்லவில்லை. தொட்டிகளை நானே பார்த்தேன். விளிம்பு வரை வெண்பால் நின்றது.

சடையனும் மனைவியும் வண்டியடியிலேயே தங்கினர். என் வீட்டுக்கு வரும்படி அழைத்தேன். கிழங்கை விட்டு வர மறுத்தனர். பேளுக்குறிச்சி வழியாகப் பேருந்தில் வீடு சேர்ந்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு ஆலைக்குத் திரும்பினேன். சொன்னபடி முதல் வண்டியாகவே உள்ளே விட்டனர். மேற்பார்வையாளர் சுமையின் நடுவிலிருந்து ஐந்து கிழங்குகளை உருவி எடுத்து, கத்தியால் குறுக்கே வெட்டி வரிசையாக வைத்தார். நான்கில் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நீலக்கருமை ஓடியிருந்தது. நீருக்குள் எடையிடும் கூடையை அவர் எடுக்கவேயில்லை.

"இத நான் உள்ள விட்டா மத்த தொட்டி மாவும் பழுப்பாயிரும். எடுக்க முடியாதுங்க."

"பாயிண்டக் கொறச்சுப் போட்டுக்கங்க, சாமி" என்றார் சடையன்.

"பாயிண்டே இல்லீங்க இதுக்கு."

சின்னப்பிள்ளை கீழே கிடந்த ஒரு துண்டை எடுத்து விரலால் அந்தக் கருநரம்பைத் தேய்த்துப் பார்த்தார். அழுக்காக இருந்தால் போய்விடும் என்று எண்ணினாரோ என்னவோ. பிறகு அதை வண்டிக்குள்ளேயே திரும்பப் போட்டார்.

பழனி தெரிந்த ஒருவரை அழைத்தார். நண்பகலில் மாட்டுத்தீவன வணிகர் வந்து சுமை முழுவதையும் எடுத்துக்கொண்டார். அவர் தந்தது வண்டி வாடகைக்கும், இருவர் மலைக்குத் திரும்பும் பேருந்துக்கும், ஒரு சிப்பம் அரிசிக்கும் சரியாக இருந்தது.

காரவள்ளிப் பேருந்துக்குக் காத்திருந்தபோது அவர்கள் பேசியதை அருகிலிருந்து கேட்டேன்.

"மேஸ்திரிக்குச் சொல்லிடறேன்" என்றார் சடையன்.

"நானும் வாரேன்."

"நீ வந்தா ஆறு ஊட்டு வேலைய யாரு திருப்பறது?"

அப்போதுதான் எனக்கு முழுமையும் விளங்கியது. மற்றப் பதினொரு வீட்டாரும் இவர்களுக்காக உழைத்துவிட்டனர். ஆறு வீடுகளின் முறை இன்னும் வரவில்லை. அவ்வீடுகளுக்கு இருவரும் செல்லக் கடமைப்பட்டவர்கள். ஒருவர் இல்லையெனில் எஞ்சியவர் ஒரு வீட்டுக்கு இரண்டு நாளாகத் தீர்க்க வேண்டும். கிழங்கு ஆலைக்குப் போயிற்றா, மாட்டுக்குப் போயிற்றா என்பது முறையைத் தொடாது.

"ஏணிய ரெண்டு பேரு புடிச்சாத்தான் ஏறோணும். தனியா ஏறுனீன்னு தெரிஞ்சுது..." என்று சின்னப்பிள்ளை தொடங்கி நிறுத்திக்கொண்டார். பின்பு என் பக்கம் திரும்பினார்.

"சாமி, அந்த வளைவுல எடுத்த படம் ஒண்ணு இவருக்குக் குடுப்பீங்களா? அங்க போயி வெச்சுக்குவாரு."

கட்டாயம் தருவதாகச் சொன்னேன். பேருந்து வந்தது, அரிசிச் சிப்பத்தைச் சடையன் வலத்தோளில் தூக்கினார்.

வெள்ளியும் சனியும் கட்டுரையோடு அமர்ந்திருந்தேன். மூலப்பொருள் வாயிலுக்கே வந்து சேர்கிறது, மெய். விலையை ஆலையே முடிவுசெய்ய இயலும், மெய். உழைக்கும் மக்கள் எங்கும் செல்ல அணியமாக இருக்கின்றனர், அதுவும் மெய். முதலீட்டாளர் ஒருவர் வேண்டுவன அனைத்தும் இந்நகரில் உண்டு. மூன்று நாள் பயணத்தில் என் கட்டுரையின் ஒரு வரியும் பொய்யாகவில்லை. என்னால் அதை அனுப்பவும் முடியவில்லை. செயலரிடம் உடல்நலம் சரியில்லை என்றேன். "கட்டுரை வேற ஆள்கிட்ட வாங்கிக்கலாம் ஐயா. படம் அட்டைக்குப் போயாச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, படத்தின் இரண்டு அச்சுப்படிகளோடு இராசிபுரம் பேருந்து நிலையத்திற்குச் சென்றேன். மேஸ்திரியின் ஆட்கள் இருபதின்மர் சாக்குப் பைகளோடு தரையில் அமர்ந்திருந்தனர். சடையன் எழுந்து வந்தார். சின்னப்பிள்ளை வரவில்லை; மறுநாள் ஏழாம் வீட்டின் முறை.

படத்தை வாங்கி, வெளிச்சத்திற்குத் திருப்பிப் பார்த்தார். தம்மைப் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை.

"லோடு நல்லா ரொம்பித்தானுங்க இருந்திருக்குது" என்றார்.

சற்றுப் பொறுத்து, படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். இருபத்தேழு என்னும் பலகையைத் தாண்டி ஒரு சரக்குந்தின் பின்பகுதி அங்கே பதிந்திருந்தது. நான் அதுவரை கவனித்திருக்கவில்லை.

"இது மூணாவது வண்டிங்க. இவன் சீட்டு பதிமூணு."

நின்றிருந்த இருபத்தைந்து நிமிடமும் அவர் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நேரமாகிறதென்று அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எங்க காட்டத் தேடி வந்தவங்ககிட்ட அத எப்படிங்க சொல்றது?"

குரலில் சினமில்லை. மேஸ்திரி பெயர் சொல்லி அழைத்தார். சடையன் படங்கள் இரண்டையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வளைந்த கையால் பேருந்தின் கம்பியைப் பற்றப் பார்த்தார், பிடி நிற்கவில்லை, கையை மாற்றி ஏறிக்கொண்டார்.

நிலையத்திலிருந்து என் வீடு ஒன்றரைக் கிலோமீட்டர். நடந்தே சென்றேன். மாலைக் காற்றில் ஆலைகளின் புளித்த மாவுவாடை ஊர் முழுவதும் வந்து கவிந்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். அவ்வாடை வீசும் நாள்களில் தொழில் நன்றாக நடக்கிறது என்று சொல்லிப் பழகியவன். அன்றும் தொழில் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.